பிளவு தெரிகிறது, எண்ணெய் அதைத் தாண்டுமா?

கடலுக்கடியில் ஓர் எண்ணெய் வயலில் கிணறு இறக்கியாகிவிட்டது. சில ஆண்டுகள் நன்றாகவே சுரக்கிறது. பிறகு அழுத்தம் விழுகிறது, தண்ணீர் ஏறுகிறது, உற்பத்தி சரிகிறது. அந்தப் பாறையில் இருந்த எண்ணெயில் பெரும்பகுதி இன்னும் வெளியே வரவில்லை என்று கணக்கு சொல்கிறது. சில நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கிணறு போடுகிறார்கள். அங்கே பாறை நிறைய எண்ணெய். அழுத்தமும் ஏறத்தாழ முதல் நாள் இருந்தபடியே இருக்கிறது. இரண்டு கிணறுகளுக்கும் நடுவே ஒரு பிளவு ஓடுகிறது. வடகடலிலும் நைஜர் கழிமுகத்திலும் மெக்சிகோ வளைகுடாவிலும் எண்ணெய்ப் பொறியாளர்கள் திரும்பத் திரும்பச் சந்தித்த நிலைமை இது.

பாறையடுக்குகள் ஒரு தளத்தின் வழியே முறிந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தை விட்டு நகர்ந்திருந்தால் அது பிளவு. முறிந்தும் நகராமல் நின்றுவிட்டால் அது வெடிப்பு. நகர்ந்த தூரத்தைப் பெயர்ச்சி என்று இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன். எண்ணெய்த் தேக்கத்தைப் பொறுத்தவரை பிளவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அது எங்கே, எவ்வளவு பெயர்ச்சியோடு இருக்கிறது? எண்ணெயும் நீரும் அதைத் தாண்டிப் போகுமா, போகாதா? முப்பரிமாண நில அதிர்வுத் தரவு முதல் கேள்விக்குக் கடந்த அரை நூற்றாண்டில் வியக்கத்தக்க விடை தந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அந்தத் தரவு தனியாக விடை தராது. அப்படியும் படத்தில் பிளவு தெளிவாகத் தெரிந்துவிட்டால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணும் பழக்கம் துறைக்குள் இருக்கிறது. ஆய்வு உழைப்பும் பணமும் கண்டுபிடிக்கும் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கின்றன என்பது என் கருத்து.

அளவை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நிலத்தில் வெடிமருந்தோ அதிர்வு லாரியோ, கடலில் ஏர்கன்னோ ஓர் அதிர்வை உண்டாக்குகிறது. அலை கீழே போகிறது. ஒவ்வொரு அடுக்கின் எல்லையிலும் அதில் ஒரு பங்கு எதிரொலித்துத் திரும்புகிறது. போய்வர ஆகும் நேரத்தை மில்லி வினாடிக் கணக்கில் பதிவு செய்கிறார்கள். 1960கள் வரை இந்தப் பதிவுகள் நேர்கோடுகளில்தான் எடுக்கப்பட்டன. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். ஒரு கோட்டில் எட்டுப் பிளவுகள் தெரியும், அடுத்ததில் ஏழு. எதை எதோடு இணைப்பது? இணைப்பவரின் ஊகத்தைப் பொறுத்து ஒரே தரவிலிருந்து வடக்குத் தெற்காக ஓடும் பிளவுகளும் வரும், வடகிழக்காக ஓடும் பிளவுகளும் வரும். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. கோட்டுக்கு நேர் கீழிருந்து மட்டும் எதிரொலி வருவதில்லை. பக்கவாட்டில் இருக்கும் சரிவுகளிலிருந்தும் வந்து, நேர் கீழே இருப்பவை போலவே படத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவற்றை உரிய இடத்துக்குத் திருப்பி அனுப்ப இருபரிமாணக் கணக்கீட்டால் முடியாது.

இன்றைய எக்ஸான்மொபிலின் முன்னோடி நிறுவனம் 1967இல் ஹூஸ்டனுக்கு அருகே ஃப்ரெண்ட்ஸ்வுட் வயலில் நடத்தியதே முதல் முப்பரிமாண அளவை என்று துறையின் வரலாறு சொல்கிறது. 1970களில் அது வணிகச் சேவையாகி வடகடலுக்கும் போனது. இன்று ஒரு கடல் அளவையில் தரையை 12.5 மீட்டருக்கு 25 மீட்டர் என்ற அளவில் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பதிவைத் தருவது சாதாரணம். கிடைப்பது ஒரு கனசதுரம். அதைப் பிளவுக்குக் குறுக்காகவோ வேறு எந்தத் திசையிலுமோ செங்குத்தாக வெட்டிப் பார்க்கலாம். கிடையாகவும் வெட்டலாம், அப்படி வெட்டும்போது பிளவுகள் மேலிருந்து பார்த்தால் எப்படி ஓடுமோ அப்படியே ஓடுகின்றன. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஊகித்த காலம் அதோடு முடிந்தது. அலிஸ்டர் பிரவுன் எழுதி 1986இல் அமெரிக்கப் பெட்ரோலியப் புவியியலாளர் சங்கம் வெளியிட்ட முப்பரிமாணத் தரவு விளக்கநூல், பல பதிப்புகள் கண்டு ஒரு தலைமுறைக்கே பாடநூலாக இருந்ததற்குக் காரணம் இந்த மாற்றம்தான்.

ஆனால் படத்தில் பிளவின் தளம் நேரடியாகத் தெரிவது அரிது. செங்குத்தாக இருக்கும் தளத்திலிருந்து அலை மேலே திரும்பி வருவதில்லை. நாம் காண்பது, தொடர்ந்து வந்துகொண்டிருந்த எதிரொலிக் கோடுகள் ஓரிடத்தில் அறுந்து, சற்றுக் கீழே மீண்டும் தொடங்குவதை. அறுந்த முனைகளை மேலிருந்து கீழாக இணைத்தால் பிளவு. ஆக, பிளவு என்பது படத்திலிருந்து ஊகிக்கப்படும் ஒன்று. அந்த ஊகத்துக்கு ஒரு கீழ்வரம்பும் உண்டு.

கணக்கு எளிது. தேக்கப் பாறையில் அலையின் வேகம் வினாடிக்கு 2400 மீட்டர், அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அலைநீளம் 80 மீட்டர். தெளிவாகப் பிரித்தறிய வேண்டுமானால் பெயர்ச்சி அதில் கால்பங்காவது, அதாவது 20 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. அதைவிடச் சிறிய பிளவு முற்றிலும் மறைந்துவிடாது. அறுபடாத ஒரு கோட்டில் மெல்லிய வளைவாகத் தெரியலாம். 10 மீட்டர் பெயர்ச்சி என்றால் எதிரொலி நேரத்தில் ஏறத்தாழ 8 மில்லி வினாடி வித்தியாசம். 4 மில்லி வினாடிக்கு ஒருமுறை பதிவு செய்யும் தரவில் அது இரண்டே புள்ளிகள். இப்போது அந்த வயலில் எண்ணெய் தாங்கும் மணற்பாறையின் தடிமன் 8 மீட்டர் என்று நினைத்துப் பாருங்கள். 10 மீட்டர் பெயர்ச்சி அந்த மணற்பாறையை அதன் மறுபாதியிலிருந்து முழுவதுமாகத் துண்டித்துவிட்டது. படத்தில் ஐயத்துக்கிடமான ஒரு சுருக்கம். தேக்கத்தில் முழுச் சுவர். தேக்கத்தைக் கூறுபோடும் பிளவுகளில் கணிசமானவை இந்த இடைவெளிக்குள் ஒளிந்திருக்கின்றன.

பக்கவாட்டிலும் இதே சிக்கல் இருக்கிறது. பாறை நொறுங்கி அரைபட்ட பிளவின் மையப்பகுதி சில சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர்தான் இருக்கும். படத்தில் அது பல பத்து மீட்டர் அகலத்துக்கு மங்கலாகப் பரவிக் கிடக்கும். பிளவின் இரு பக்கமும் அலைவேகம் வேறுபடுவதால், பிளவுக்கு அடியில் இருக்கும் அடுக்குகள் இல்லாத வளைவைக் காட்டும். அந்த நிழலுக்குள் இன்னொரு சிறு பிளவை வரைந்துவிடுவது வெகு சுலபம். ஆழக் கணக்கில் மறுபடியும் செயலாக்கிய தரவு இதைப் பெருமளவு சரிசெய்கிறது. அதற்குக் கொடுக்கும் வேகக் கணிப்பு சரியாக இருந்தால் மட்டும்.

கண்ணால் தேடுவதைக் கணக்கால் தேடுவதாக மாற்றிய முயற்சிகள் 1980களின் இறுதியில் சூடுபிடித்தன. ஓர் அடுக்கின் பரப்பைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் அது எவ்வளவு, எந்தத் திசையில் சாய்கிறது என்று நிறமிட்டுக் காட்டும் வரைபடங்களை ஷெல் ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தப்பிய சிறு பிளவுகள் அதில் இழையிழையாகத் தெரிந்தன. ஆனால் அதற்கு முதலில் ஒருவர் அந்தப் பரப்பைக் குறித்துத் தர வேண்டியிருந்தது. அமோக்கோ நிறுவனத்தின் மைக் பஹோரிச்சும் ஸ்டீவ் ஃபார்மரும் 1995இல் அந்தத் தேவையையும் நீக்கினார்கள். கனசதுரத்திலுள்ள ஒவ்வொரு பதிவையும் அக்கம்பக்கத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடத்தை வெளுப்பாகவும் ஒத்துப்போகாத இடத்தைக் கறுப்பாகவும் காட்டும் கோஹரன்ஸ் கனசதுரம் அவர்களுடையது. கிடைவெட்டில் பிளவுகள் கறுப்புக் கோடுகளாக எழுந்து நின்றன. யாரும் முன்கூட்டி எதையும் வரைந்திருக்கவில்லை என்பதே அதன் பெருமை. கர்ட் மார்ஃபர்ட்டும் சக ஆய்வாளர்களும் 1998, 1999 ஆண்டுகளில் அந்தக் கணக்கை இரைச்சலுக்கு அசையாததாக வலுப்படுத்தினார்கள். பிறகு வளைவளவு வரைபடங்கள் வந்தன. எறும்புகள் தடம் பிடிப்பதைப் போல மங்கலான கோடுகளைத் தொடர்ந்துபோய் இணைக்கும் மென்பொருளும் 2000களின் தொடக்கத்தில் வந்தது.

2019இல் சின்மிங் வூவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஃபால்ட்செக்3டி இந்த வரிசையில் ஒரு திருப்பம். நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவிக்க அவர்கள் உண்மைத் தரவைப் பயன்படுத்தவில்லை. கணினியே அடுக்குகளை உருவாக்கி, மடித்து, முறித்து, இரைச்சல் கலந்த 200 செயற்கைக் கனசதுரங்களைச் செய்தார்கள். அவற்றில் பிளவு எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரியும். அப்படிப் பயின்ற வலையமைப்பு, தான் பார்த்தேயிராத உண்மை வயல்களிலும் பிளவுகளைச் சில நொடிகளில் சுத்தமாகப் பிரித்துத் தந்தது. வாரக்கணக்கில் செய்த வேலை அது. இதன் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணினி கற்றுக்கொண்டது, பிளவு எப்படி இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்தார்களோ அந்த வடிவத்தை. செயற்கைத் தரவில் இடம்பெறாத வகைப் பிளவு, உதாரணமாக அடுக்குக்கு ஏறத்தாழ இணையாகப் படுத்தோடும் பிளவு, அதன் கண்ணுக்குத் தப்பலாம். எல்லோரும் தங்கள் முறையை நெதர்லாந்தின் எஃப்3 என்ற ஒரே பொதுத் தரவின் மேல் ஓட்டிக் காட்டுவதும் எனக்குக் கவலை தருகிறது. தெளிவான தரவு அது. அதில் வென்ற முறை, இரைச்சல் மண்டிய நிலத் தரவிலும் வெல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரைச்சல் என்ன செய்யும் என்பதைக் காட்ட நோர்வேயின் குல்ஃபாக்ஸ் வயலைவிட நல்ல பாடம் இல்லை. வடகடலின் வடபகுதியில் 1978இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1986 டிசம்பரில் உற்பத்தி தொடங்கிய வயல் அது. மூன்று பிரம்மாண்டமான கான்கிரீட் மேடைகள் கடலில் நிற்கின்றன. எண்ணெய் இருப்பது ஜுராசிக் காலத்து மணற்பாறைகளில். வடகடல் இழுபட்டு விரிந்தபோது அந்தப் பாறைகள் துண்டுதுண்டாக உடைந்தன. அலமாரியில் ஒரு புத்தகத்தை உருவியதும் மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்வதுபோல ஒவ்வொரு துண்டும் மேற்காகச் சாய்ந்து கிடக்கிறது. துண்டுகளைப் பிரிக்கும் பெரிய பிளவுகள் கிழக்குப் பக்கம் சரிகின்றன. அவற்றின் பெயர்ச்சி சில நூறு மீட்டர் வரை போகும். அவற்றைக் காண்பதில் யாருக்கும் சிரமமில்லை. சிக்கல் அவற்றுக்கு இடையிலுள்ள சிறு பிளவுகளில் வந்தது.

யோனி ஹெஸ்ட்ஹாமரும் ஹோகன் ஃபாஸனும் 1990களின் இரண்டாம் பாதியில் இந்த வயலை அணுஅணுவாக ஆராய்ந்தார்கள். சாய்வு வரைபடங்களில் நேர்த்தியான நீண்ட கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. பார்த்தவுடன் பிளவுகள் என்றே சொல்லத் தோன்றும். அவர்கள் கிணற்றுக்குப் போனார்கள். இத்தகைய பிளவை ஒரு கிணறு துளைத்துச் சென்றால், அங்கே அடுக்கு வரிசையில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். பக்கத்துக் கிணறுகளின் பதிவுச் சுருள்களோடு வைத்துப் பார்த்தால், இருக்க வேண்டிய பாறையில் இத்தனை மீட்டர் இல்லை என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த மீட்டர்தான் பெயர்ச்சி. நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்ததால் குல்ஃபாக்ஸில் இந்தச் சோதனையை நிறைய இடங்களில் செய்ய முடிந்தது. வரைபடத்தில் தெரிந்த கோடுகள் பலவற்றுக்குக் கிணற்றில் ஆதாரமே இல்லை. கடலடிக்கும் மேலடுக்குகளுக்கும் இடையே பலமுறை எதிரொலித்துத் தாமதமாக வந்த அலைகளின் எச்சம், சாய்ந்த அடுக்குகளின் உண்மையான எதிரொலியோடு குறுக்கிட்டு அந்தக் கோடுகளை உண்டாக்கியிருந்தது. பிளவே இல்லாத இடத்தில் பிளவு வரைந்தால், அதைச் சுவராக நம்பித் தேவையற்ற கிணறு தோண்டுவார்கள். கூர்மையான கணக்கு, இரைச்சலையும் அதே கூர்மையோடு காட்டும். வெவ்வேறு திசையில் எடுத்த இரண்டு அளவைகளிலும் ஒரு கோடு நிற்கிறதா என்று பார்ப்பதே என்னைக் கேட்டால் முதல் பரீட்சை. கப்பல் போன திசைக்கு இணையாக ஓடும் எந்தக் கோட்டையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும்.

கருவியின் குறை ஒருபுறமிருக்க, படிப்பவரின் மனமும் படத்துக்குள் நுழைகிறது. கிளேர் பாண்டும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட சோதனையை இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். விடை தெரிந்த ஒரு செயற்கை நில அதிர்வுப் படத்தை அவர்கள் தயாரித்து, 412 புவியியலாளர்களிடம் கொடுத்துப் பிளவுகளை வரையச் சொன்னார்கள். அது எந்த வகை அமைப்பு என்பதைச் சரியாகப் பிடித்தவர்கள் 21 விழுக்காடு. மூன்று முக்கியப் பிளவுகளையும் குறித்தவர்கள் 23 விழுக்காடு. இழுவிசைப் பகுதிகளில் வேலை பார்த்தவருக்கு இழுவிசைப் பிளவும், அழுத்தப் பகுதிகளில் வேலை பார்த்தவருக்கு அழுத்தப் பிளவும் கண்ணில் பட்டுவிடும் ஆபத்தை அந்தச் சோதனை அப்பட்டமாக எடுத்துக்காட்டியது. அது ஒற்றைப் படம், முப்பரிமாணக் கனசதுரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கனசதுரம் ஐயத்தைக் குறைக்கும். எந்த மாதிரியான பிளவை எதிர்பார்த்து உட்காருகிறோம் என்பதை மாற்றாது. ஒரே ஆளின் ஒரே விளக்கத்தை வைத்துக் கிணற்றின் இடத்தை முடிவு செய்வது நியாயமில்லை என்று நான் நினைப்பதற்கு இந்தச் சோதனையே போதும்.

வரைந்த பிளவு சரியா என்று பார்க்கப் பிளவின் இயல்பே ஒரு வழி தருகிறது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் யுவான் வாட்டர்சனும் ஜான் வால்ஷும் முன்னெடுத்த பிளவு ஆய்வுக் குழு, 1980களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க வரைபடங்களையும் நில அதிர்வுத் தரவையும் கொண்டு இதை நிலைநாட்டியது. தனித்து நிற்கும் ஒரு பிளவில் பெயர்ச்சி நடுவில் அதிகமாகவும், விளிம்புகளை நோக்கிச் சீராகக் குறைந்து முடிவில் இல்லாமலும் போகும். பிளவு நெடுகப் பெயர்ச்சியை அளந்து வரைபடமாக்கினால் அது மழமழவென்று ஏறி இறங்க வேண்டும். திடீரென்று 60 மீட்டரிலிருந்து 15க்கு விழுந்தால் இரண்டில் ஒன்று: ஏதோ ஓர் அடுக்கைத் தவறாக இணைத்திருக்கிறோம்; அல்லது ஒன்று என்று நினைத்தது இரண்டு பிளவுகள். இரண்டாவது நிலை எண்ணெய்க்கு மிக முக்கியம். இரு பிளவுகளின் முனைகள் ஒன்றையொன்று தாண்டி, இடையில் அடுக்குகள் அறுபடாமல் சரிவுப் பாலமாக வளைந்து இறங்கும். அந்தப் பாலத்தின் வழியே எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகலாம். இரண்டையும் ஒரே நீண்ட பிளவாக வரைந்துவிட்டால் பாலம் வரைபடத்திலிருந்து காணாமல் போகும். செலவில்லாத, அரை நாளில் முடிகிற சோதனை இது. எத்தனையோ வேலைகளில் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

படத்துக்கு எட்டாத சிறு பிளவுகளின் எண்ணிக்கையைப் பெரிய பிளவுகளிலிருந்து கணிக்கவும் ஒரு வழி உண்டு. பெயர்ச்சி குறையக் குறைய எண்ணிக்கை ஓர் அடுக்குக்குறி விதிப்படி கூடும் என்பதை மடக்கை வரைபடத்தில் நேர்கோடாகக் காணலாம். அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால் சிறியவை எத்தனை என்று வரும். எத்தனை என்று வரும். எங்கே என்று வராது.

இனி இரண்டாவது கேள்வி. பிளவு எண்ணெயைத் தடுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எளிமையானது, மணற்பாறைக்கு எதிரே களிப்பாறை வந்து நிற்பது. அர்பன் ஆலன் 1989இல் தந்த வரைபட முறை இதைத்தான் காட்டுகிறது. பிளவின் தளத்தைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுபோல எடுத்துக்கொண்டு, இரு பக்க அடுக்குகளையும் அதன்மேல் ஒன்றாக வரைந்தால், மணல் மணலைத் தொடும் சன்னல்கள் எங்கெங்கே என்று புலப்படும். இதற்கு அடுக்குகளின் இடமும் பெயர்ச்சியும் மிகத் துல்லியமாகத் தேவை. முப்பரிமாணத் தரவு தன் முழுப் பலனையும் காட்டும் இடம் இதுதான்.

மணல் மணலைத் தொட்டாலும் கசிவு நிச்சயமில்லை. நகர்ந்தபோது இடையிலிருந்த களிப்பாறை பிளவின் தளத்தில் பூசிக்கொண்டு போயிருக்கலாம். மணலே அரைபட்டு நுண்துளை அடைந்திருக்கலாம். நைஜீரியாவின் நன் ஆறு வயலில் முப்பரிமாணத் தரவையும் களிப்பூச்சுக் கணக்கையும் இணைத்துப் பிளவுகளின் தடுப்புத் திறனை மதிப்பிட்ட ஆய்வு 1989இல் வெளிவந்தது. கிரஹாம் யீல்டிங்கும் கூட்டாளிகளும் 1997இல் தந்த கணக்கு இன்று எங்கும் புழங்குகிறது. பிளவின் ஒரு புள்ளியைக் கடந்து நழுவிப்போன பாறையில் களிமண்ணின் பங்கு எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதே அது. பெயர்ச்சி 50 மீட்டர். அந்த 50 மீட்டர் பாறையில் களி 12 மீட்டர் என்றால் பங்கு 24. பல வயல்களின் அழுத்த வேறுபாடுகளோடு ஒப்பிட்டு, 15 முதல் 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் பிளவு தடுக்கத் தொடங்கும் என்று கண்டார்கள். நம் உதாரணத்தில் பிளவு தடுக்கும். ஆனால் களியின் அளவு கிணற்றுப் பதிவிலிருந்து வருகிறது. கிணறு பிளவிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கலாம். அங்கே 12 மீட்டராக இருந்த களி பிளவுக்கு அருகே 7 மீட்டராக மெலிந்திருந்தால் பங்கு 14க்கு இறங்கி, விடையே தலைகீழாகிவிடும். கணினித் திரையில் இந்த எண் பிளவின் முழுத் தளத்திலும் அழகிய வண்ணங்களில் பரவி நிற்கும்போது, அதன் அடியில் இத்தனை ஊகம் இருப்பது மறந்துபோகிறது.

இன்னொரு குழப்பமும் இங்கே அடிக்கடி நேர்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் எண்ணெயைக் கசியவிட்டு, இரு பக்கமும் எண்ணெய் நீர் எல்லையை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிளவு, உற்பத்தி நடக்கும் இருபது முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழச் சுவராகவே நடந்துகொள்ளும். மெதுவான கசிவுக்கு அந்தக் காலம் போதாது. இதற்கு மாறாக, இயற்கை நிலையில் சிறிய அழுத்த வேறுபாட்டைத் தாங்கி நின்ற பிளவு, ஒரு பக்கம் எண்ணெயை உறிஞ்சி அழுத்த வேறுபாடு பல மடங்காகும்போது வழிவிடவும் கூடும். இரு பக்கமும் ஒரே மட்டம், ஆகவே பிளவு திறந்தது என்று எழுதிக் கையெழுத்திடுவது அபாயம்.

நம்பத்தக்க சாட்சிகள் வேறிடத்தில் இருக்கின்றன. கிணற்றுக்குள் கருவியை இறக்கி வெவ்வேறு ஆழத்தில் அழுத்தத்தை அளந்தால், எண்ணெய் இருக்கும் பகுதியில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.08 பார் என்ற சரிவில் புள்ளிகள் ஒரு கோட்டில் விழும். பிளவின் இரு பக்கக் கிணறுகளின் புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தால் தொடர்பு இருக்கலாம். உற்பத்தி தொடங்கிய பின்னும் ஒன்றாகவே இறங்கினால் தொடர்பு உண்டு. ஒன்று இறங்கி மற்றது அப்படியே நின்றால் சுவர். பிளவுக்கு அருகே எடுத்த பாறைத் துண்டில் அரைபட்ட இழைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவற்றின் ஊடுருவு திறனை ஆய்வகத்தில் அளக்கலாம். பிளவைத் துளைக்கும்போது பாறைத் துண்டு எடுப்பது செலவும் ஆபத்தும் கூடியது என்பதால் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். புதிய படக் கணக்கீட்டுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இதற்கு மாற்றினால் கிடைக்கும் அறிவு அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரே அளவையைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்து, இரண்டையும் கழித்துப் பார்ப்பது படத்தையும் சாட்சியாக மாற்றும் வழி. குல்ஃபாக்ஸில் 1985ஆம் ஆண்டு அளவையோடு 1990களின் பிற்பாதியில் எடுத்தவற்றை ஒப்பிட்டார்கள். எண்ணெய் இருந்த இடத்தில் தண்ணீர் ஏறினால் எதிரொலியின் வலிமை மாறும்; மாறாமல் நின்ற துண்டுகளில் எண்ணெய் அப்படியே இருக்கிறது என்று பொருள். சில பிளவுகளை ஒட்டி மாற்றம் கத்தியால் வெட்டியதுபோல நின்றது. எண்ணெய் எஞ்சிய அந்தத் துண்டுகளைக் குறிவைத்துப் புதிய கிணறுகள் தோண்டினார்கள். பிளவு எப்படித் தோன்றுகிறது என்று கேட்பதை விட்டு அது என்ன செய்கிறது என்று கேட்கும் முறை இது. இந்தத் துறையின் ஆகச் சிறந்த முன்னேற்றமாக நான் கருதுவதும் இதையே.

நம் காவிரிப் படுகையின் கதையும் பிளவுகளின் கதைதான். இந்தியா பண்டைய கோண்ட்வானாவிலிருந்து பிரிந்தபோது இழுபட்டு உடைந்த நிலம் அது. தஞ்சை மண்டலத்து வண்டலுக்கு அடியில் வடகிழக்கு நோக்கி ஓடும் மேடுகளும் பள்ளங்களுமாகக் கிடக்கிறது. தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பள்ளங்களைக் காரைக்கால் மேடு பிரிக்கிறது. சீர்காழி அருகே மாதானத்தில் எண்ணெய் இருப்பது கெட்டியான அடித்தளப் பாறையின் வெடிப்புகளில். அங்கே அடுக்குகளே இல்லாததால், அறுந்த கோடுகளைத் தேடும் வழக்கமான வழி உதவாது. பாறையின் மேற்பரப்பில் தெரியும் வளைவையும், அலைவேகம் திசைக்குத் திசை மாறுவதையும் கொண்டு வெடிப்புகளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊரும் வாய்க்காலும் நெல்வயலும் நெருங்கிய நிலத்தில் அதிர்வு மூலங்களைச் சீரான இடைவெளியில் வைக்க முடியாது. அந்த இடைவெளிகள் தரவில் தடமாகப் படியும். எஃப்3 தரவில் வென்ற மென்பொருளை இங்கே அப்படியே இறக்குவது சரிவராது. நோர்வேயின் ஈக்வினார் நிறுவனம் 2018இல் வோல்வே வயலின் முழுத் தரவையும் பொதுவில் திறந்துவிட்டதுபோல, உற்பத்தி ஓய்ந்த ஒரு காவிரி வயலின் தரவும் கிணற்று அழுத்தங்களோடு திறக்கப்பட்டால், நம் கல்லூரி மாணவர்கள் தங்கள் மண்ணின் இரைச்சலிலேயே பயிலலாம்.

பிளவைத் தவறாகக் கணிப்பதன் விலை எண்ணெயோடு நிற்பதில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலில் வாயு எடுக்க எடுக்க மணற்பாறை அமுங்கி, பிளவுகள் நழுவின. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹோய்ஸிங்கே அருகே 3.6 அளவு நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தினார்கள். அங்கே பிளவுகள் வரைபடத்தில் இல்லாமல் இல்லை. எது எப்போது நழுவும் என்பதே தெரியாமல் இருந்தது.

கரியமில வாயுவைப் பூமிக்கடியில் புதைக்கும் திட்டங்களில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. நோர்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் ஸ்னோவிட் வயலில் 2008இல் டூபோயன் என்ற அடுக்கில் வாயுவை இறக்கத் தொடங்கினார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. பழைய ஆற்றுப்படுகை மணலின் குறுகிய பரப்பும் பிளவுகளும் சேர்ந்து வாயுவை ஒரு சிறு அறைக்குள் அடைத்திருந்தன என்பதை மறு அளவையும் அழுத்தப் பதிவும் காட்டின. 2011இல் அந்த அடுக்கைக் கைவிட்டு, மேலிருக்கும் ஸ்டோ அடுக்குக்கு மாறினார்கள். அங்கே அழுத்தம் சிக்கல் தரவில்லை. ஆனால் இயற்கை எரிவாயு எடுப்பதும் அதே அடுக்கிலிருந்துதான். இறக்கும் வாயு உற்பத்திக் கிணறுகளை எட்டிவிடக் கூடாது என்பதால், 2016இல் அடுத்த பிளவுத் துண்டில் புதிய கிணறு ஒன்றைத் தோண்டினார்கள். டூபோயனில் வழிவிட வேண்டும் என்று விரும்பிய பிளவுகள் வழிவிடவில்லை. ஸ்டோவில் இடையே நிற்கும் பிளவு வழிவிடாமல் இருந்தால்தான் நல்லது. அதை உறுதிசெய்ய ஸ்னோவிட் பொறியாளர்கள் கிணற்று அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.